எட்டும் எட்டும் பதினாறு

பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் மழை பிடித்துக்கொண்டது. மார்ச் மாதம் எங்கள் பக்கத்தில் வெயில் காயவேண்டிய மாதம். நானும் அவனும் லொறியிலிருந்து பெட்டியை இறக்கி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சேற்றில் வழுக்கி வழுக்கிப் படியேற்றினோம். இடுப்பளவு உயரம். கறுப்பு ரெக்சின் ஒட்டிய தடித்த பலகை. முன்பக்கத்துத் துணி கிழிந்து தொங்கியதில் உள்ளேயிருந்த நான்கு ஸ்பீக்கர்களும் தெரிந்தன. அம்மா வாசலிலேயே நின்று, இதை உள்ளே விடலாமா என்று யோசிப்பவர்போலப் பார்த்தார்.

"யாரு வீட்டுச் சாமான் இது?"

"கொத்மலைப் பக்கம் ஒரு பங்களாவுதும்மா. அணை கட்டி முடிஞ்சா அந்த எடமெல்லாம் தண்ணிக்குள்ள போயிருமாம். தொரை எல்லாத்தையும் கழிச்சு விட்டுட்டுப் போறாரு," என்றேன்.

"போறவங்க சாமானாவே பாத்துப் பாத்துக் கொண்டாறீங்க," என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டார்.

அம்மா சொன்னதில் தப்பில்லை. அந்தப் பெட்டியோடு சேர்க்கவிருந்த கிட்டார் அம்ப்ளிபயரும் போனவர்கள் விட்டுப்போனதுதான். ரயில்வேயில் எஞ்சின் ஓட்டிய ஒரு பறங்கிக் குடும்பம் ஒஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டபோது, தங்கள் மகனோடு மாதா கோயிலில் கிட்டார் வாசித்த அவனுக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போனது. அதற்கென்று முன்பு ஒரு ஸ்பீக்கர் பெட்டி இருந்திருக்கிறது. எங்கள் ஹட்டன் டவுன் ஈரத்தில் அது ஊறி உளுத்துப் போய்விட்டது. வால்வுகளும் டிரான்ஸ்போமரும் உள்ள தலை மட்டும்தான் மிச்சம். தலைக்கு உடம்பு தேடித்தான் கொத்மலை வரைக்கும் போனோம்.

அவன் என்று நான் சொல்வது என் கூட்டாளியை. என் தங்கையைக் கட்டிக்கொள்ள இருந்தவனும் அவன்தான். டவுனில் ஒரு புத்தகக் கடையில் வேலை பார்த்தான். அவன் அப்பாவும் அம்மாவும் திம்புள்ளைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீட்டில் இருந்தார்கள். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் மாதா கோயில் பூசை ஒன்று, சாப்பாடு ஒன்று, பேச்சும் ஒன்று. வித்தியாசம் ஒரு தாளில்தான் இருந்தது. எங்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது, அவர்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி எங்கள் ஆட்களைப் பங்கு பிரித்தபோது யார் யார் எந்தக் குவியலில் விழுந்தார்கள் என்பதற்கு ஒரு நியாயமும் கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட் வந்தவர்கள், தங்கள் முறை வரும்போது ரயில் கோச்சியேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் போக வேண்டும். அவன் குடும்பத்துக்கு முறை வந்துவிட்டது. ஜூன் மாதத்தில் நாள் கொடுத்திருந்தார்கள்.

என் அப்பா தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தங்கை, எங்கள் அத்தை, எழுபதுகளின் நடுவில் அப்படிக் கப்பலேறிக் கொடைக்கானல் பக்கம் போனவர். அங்கிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. முதல் கடிதத்தில் குளிர் இங்கே போலத்தான் என்று எழுதியிருந்தார். இரண்டாவதில், அண்ணே, நீங்க யாரும் வந்துராதீங்க என்று எழுதியிருந்தார். மூன்றாவது வேறு யாரோ எழுதியது. அத்தைக்குக் காய்ச்சல் என்று மட்டும் இருந்தது. அதன்பிறகு ஒன்றும் இல்லை. அப்பா எழுதின கடிதங்களும் திரும்பி வரவில்லை. தபால்காரர் எங்கள் படியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அதனால் அவன் பெண் கேட்டு வந்தபோது அப்பா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"தம்பி, ஒங்க மேல ஒரு கொறையும் இல்ல. ஆனா எம்மகள நான் அந்தக் கப்பல்ல ஏத்த மாட்டேன். நீங்க இங்க இருக்கிறதா இருந்தா கட்டிக்குடுக்கிறேன். போறதா இருந்தா தனியாத்தான் போகணும்."

இங்கே இருப்பதற்கு ஒரு வழி இருப்பதாக டவுனில் பேசிக்கொண்டார்கள். நிரந்தர வேலை தந்து கையெழுத்துப் போட ஒரு நல்ல முதலாளி இருந்தால், விசாவை வருடம் வருடமாக நீட்டலாமாம். புத்தகக் கடைக்காரர் கடிதம் தர மறுத்துவிட்டார். அவருக்கே அவருடைய பயங்கள். அப்போதுதான் நுவரெலியாவில் ஒரு பழைய ஹோட்டலில், ஏப்ரல் சீசனுக்கும் அதற்கப்புறம் வருடம் முழுக்கவும் வாசிக்க ஒரு கிட்டார்காரர் தேவை என்று தெரிந்தது. மெனேஜர் ஒரு தரம் வாசிக்கக் கேட்டுவிட்டு முடிவு சொல்வார். பிடித்திருந்தால் கடிதம் தருவார். சொந்த அம்ப்ளிபயர் கொண்டுவர வேண்டும்.

ஆக, தங்கையின் கல்யாணம் அந்தக் கறுப்புப் பெட்டியில் வந்து நின்றது. அதற்கு ஒயர் கட்டும் பொறுப்பு என்னுடையது.

என் தொழிலைச் சொன்னால்தான் நான் செய்த காரியம் விளங்கும். நான் டவுனில் லவுட்ஸ்பீக்கர் செட் வைத்திருந்தேன். மாரியம்மன் திருவிழா, மாதா கோயில் கொடியேற்றம், கல்யாணம், சாவு, தொழிற்சங்கக் கூட்டம் எல்லாவற்றுக்கும் என் குழாய் ஸ்பீக்கர்கள்தான். ஒரு தோட்டத்தில் திருவிழா என்றால் கோயிலில் தொடங்கி மேல் லயம், கீழ் லயம், தொழிற்சாலைச் சந்தி என்று மலை நெடுக ஒரு ஜோடி ஒயரை இழுப்பேன். வழியில் எங்கே மரம் இருக்கிறதோ அங்கே ஒரு குழாயைக் கட்டி, அந்த ஜோடியிலேயே இரண்டு முனையையும் முறுக்கிவிடுவேன். ஐந்து குழாய் கட்டினாலும் அதே முறுக்கு, பன்னிரண்டு கட்டினாலும் அதே முறுக்கு. ஒவ்வொரு குழாயின் கழுத்திலும் சின்னதாக ஒரு டிரான்ஸ்போமர் உட்கார்ந்திருக்கும். பாரத்தையெல்லாம் அது பார்த்துக்கொள்ளும். பத்து வருடமாக மலை மலையாக முறுக்கினேன், ஒரு நாளும் ஒன்றும் எரியவில்லை. எரியாததை என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வயதில் எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். ஒயரைப் பற்றி யாராவது எனக்குச் சொல்ல வந்தால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

பெட்டியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். ஸ்டீரியோ பெட்டி அது. இடப்பக்கத்து இரண்டு ஸ்பீக்கருக்கு ஒயர் செருக ஒரு வாய், வலப்பக்கத்து இரண்டுக்கு வேறொரு வாய். இரண்டு வாய்க்கும் பக்கத்தில் எட்டு, எட்டு என்று தகட்டில் பொறித்திருந்தது. எங்கள் அம்ப்ளிபயரோ மோனோ. அதற்குப் பின்னால் ஒரே ஒரு வாய், அதன் பக்கத்தில் பதினாறு.

அவன் கடையில் புத்தகங்களைப் புரட்டிப் பழகினவன். குந்தி உட்கார்ந்து விரலால் தடவித் தடவி வாசித்தான்.

"இதுல பதினாறு. அதுல எட்டு, எட்டு. ரெண்டும் சேந்தா பதினாறு. சரியா வருதில்ல மச்சான்?"

"அதெல்லாம் சும்மா போட்டிருப்பான்," என்றேன். "ஆனா சரியாத்தான் வருது."

கணக்கு அவ்வளவு அழகாகச் சரியாக வந்ததுதான் எங்களுக்குப் பிடித்த சனியன். எட்டும் எட்டும் பதினாறு என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்தோம்.

முதலில் இடப்பக்கத்து வாயில் மட்டும் செருகி வாசித்துப் பார்த்தான். சத்தம் வந்தது. நல்ல சத்தம்தான். ஆனால் பெட்டியின் வலப்பக்கம் ஊமையாக நின்றது எனக்குப் பொறுக்கவில்லை.

"இதுவே போதும் மச்சான்," என்றான் அவன். "கோயில்ல இதவிடக் கொறஞ்சதுலதான் வாசிச்சேன்."

"கோயிலும் ஹோட்டல் ஹோலும் ஒண்ணா? பாதிப் பொட்டி செத்துக் கெடக்க, நீ போயி தொரைமாருக்கு வாசிக்கப் போறியாக்கும். தள்ளு அங்கிட்டு."

ஒரு முனையில் அம்ப்ளிபயருக்கு ஒரு செருகு ஊசி, மறுமுனையில் பெட்டிக்கு இரண்டு ஊசி என்று ஒரு ஒயர் செய்தேன். மரத்தில் குழாய் கட்டுவதுபோலவே, இரண்டு பக்கத்துப் பிளஸ் தலைகளையும் ஒன்றாக முறுக்கினேன், இரண்டு பக்கத்து மைனஸ் வால்களையும் ஒன்றாக முறுக்கினேன். ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். வேலை சுத்தம். இன்று பார்த்தாலும் அந்த ஈயப் பற்றில் ஒரு குறை சொல்ல முடியாது.

செருகினோம். நான்கு ஸ்பீக்கரும் சேர்ந்து குரல் கொடுத்தபோது வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெளியே வந்து, கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. என்னை யாராவது பாராட்ட வேண்டும் என்று சுற்றுமுற்றும் பார்த்தேன்.

தங்கை தரையில் உட்கார்ந்து, பெட்டி முகப்புக்குப் புதுத் துணி தைத்துக்கொண்டிருந்தாள். அவள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் விட்டுப்போகும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தாள். பேசாத பிள்ளைகளோடு இருந்து பழகியதாலோ என்னவோ, யாரும் சொல்லாததைக் கவனிப்பாள். ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்துபோய் அம்ப்ளிபயரின் மேல் கையை வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டாள்.

"அண்ணே, அடுப்பு மாதிரிச் சுடுது."

"வால்வுன்னா சுடும்."

"ஒரு பக்கம் மட்டும் போட்டப்ப இப்படிச் சுடலயே. அப்பவும் தொட்டுப் பாத்தேன்."

"ஒனக்கு என்னா தெரியும்? ஒந்தையல் வேலைய நீ பாரு."

அவன் வாசிப்பதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் மறுபடி உட்கார்ந்து ஊசியை எடுத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் அறைக்குள் ஒரு வாசம் இருந்தது. தொழிற்சாலையில் அடுப்பில் கொஞ்சம் அதிகம் காய்ந்துவிட்ட தேயிலையின் வாசம் போல. எனக்கும் மூக்கு இருந்தது, நானும் அதை முகர்ந்தேன். பழைய சாமான், தூசி எரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஹோட்டலுக்குப் போன நாளில் வேனை எடுத்துக்கொண்டு முதலில் அவனை ஏற்ற அவன் தோட்டத்துக்குப் போனேன். ஒரு மாதத்துக்கு முன் போயிருந்தபோது ஆள் நடமாட்டம் இருந்த லயம் அது. இப்போது இருபது காம்பரா அறைகளில் பாதிக்கு மேல் கதவில் பலகை வைத்து ஆணி அடித்திருந்தது. முறை வந்தவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் கொண்டுபோக முடியாமல் விட்ட நாய்கள் அடைத்த கதவுகளுக்கு முன்னால் படுத்துக் கிடந்தன. குரைக்கவில்லை. வேன் சத்தம் கேட்டதும் எல்லாம் ஒன்றாக எழுந்து வந்து, இறங்கப்போவது யார் என்று வேன் கதவைப் பார்த்து நின்றன. இறங்கியது நான் என்று தெரிந்ததும் திரும்பிப் போய்ப் படுத்தன.

அவன் கிட்டாரோடு வந்து ஏறினான். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. அவன் அம்மா படியில் நின்று, "தம்பி, நல்லபடியா கொண்டுபோயிச் சேத்துருங்க," என்றார் என்னிடம். பெட்டியைச் சொன்னாரா, மகனைச் சொன்னாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. தலையை ஆட்டினேன்.

தலவாக்கலை தாண்டி நானுஓயாவுக்கு ஏறும் வளைவுகளில் பனிமூட்டம் இறங்கி, முன்னால் போகிற பஸ்ஸின் பின்விளக்கு மட்டும் தெரிந்தது. பாதி வழியில் அவன், "மச்சான், அந்த ஒரு பக்கத்து ஒயரையும் எடுத்துட்டு வந்தியா?" என்று கேட்டான்.

"அது எதுக்கு?"

"சும்மாதான்."

நான் எடுத்து வரவில்லை. வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். அது கையில் இருந்தால் இவன் கடைசி நேரத்தில் பயந்து ஒரு பக்கத்திலேயே செருகிவிடுவான் என்று எனக்குத் தெரியும்.

ஹோல் பெரியது. மரத்தரை, உயரமான கூரை, ஒரு மூலையில் எரியாத கணப்பு அடுப்பு. பிற்பகல் இரண்டு மணிக்கே விளக்குப் போட்டிருந்தார்கள். மெனேஜர் சிங்களவர், ஐம்பது வயதிருக்கும், மரியாதையாகப் பேசினார். கொழும்பிலிருந்து வந்த இன்னொரு கிட்டார்காரர் சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பளபளவென்று புது அம்ப்ளிபயர், ஸ்பீக்கர் அதற்குள்ளேயே இருந்தது. எங்களை முதலில் வாசிக்கச் சொன்னார்கள். மூன்று பாட்டு. ஒன்று துள்ளலான பைலா, ஒன்று வயதான தொரைமார் ஆடும் மெதுவான பாட்டு, ஒன்று அவன் விருப்பம்.

பைலாவை அவன் வாசித்தபோது, மேசை துடைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் துணியைப் போட்டுவிட்டுத் தாளம் தட்டினார்கள். மெனேஜர் சிரித்தார். என் மனதில் அந்த நிமிஷமே தங்கையின் கல்யாணம் முடிந்துவிட்டது. மே மாதத்தில் எங்கே பந்தல் போடுவது, எத்தனை குழாய் கட்டுவது என்றுகூட நினைத்தேன்.

இரண்டாவது பாட்டுத் தொடங்கியதும் மெனேஜர் நடந்துபோய் ஹோலின் கடைசியில் நின்றார். அங்கிருந்து ஒரு கையைக் காதுக்குப் பின்னால் வைத்தார். மெதுவான பாட்டு, அவ்வளவு தூரம் எட்டவில்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் அம்ப்ளிபயருக்குப் பின்னால் நின்றேன். என் முன்னால்தான் வால்வுகள். நான்கில் இரண்டில், உள்ளே இருக்கிற சாம்பல் நிறத் தகடு மங்கலாகச் சிவந்திருந்தது. வெற்றிலைச் சாறு ஊறுவதுபோல அந்தச் சிவப்புப் பரவிக்கொண்டிருந்தது. அந்த வாசமும் வந்துவிட்டது. நான் அவனைப் பார்த்துக் கையை மேலே தூக்கிக் காட்டினேன். கூட்டு, இன்னும் கூட்டு.

கூட்டினான். சத்தம் ஒரு தரம் ஹோல் முழுக்க நிறைந்தது. பிறகு தொண்டை கட்டியவன் குரல்போலக் கரகரத்தது. அவன் கண்ணில் பயம் தெரிந்தது, ஆனால் விரல் நிற்கவில்லை. டிக் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். பின்னாலிருந்து வெள்ளையாக ஒரு புகை கிளம்பி என் முகத்தில் அடித்தது. நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

அவன் நிறுத்தவில்லை. இதை நான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எலெக்ட்ரிக் கிட்டாருக்குத் தன் குரல் என்று ஒன்று கிடையாது. கம்பியில் நகம் படுகிற சின்னச் சத்தம்தான், சுவர்க்கோழி மாதிரி. அந்தச் சத்தத்தோடு, புகைக்கு முன்னால் நின்று, அந்தப் பாட்டைக் கடைசி வரைக்கும் வாசித்து முடித்தான். மெனேஜரும் ஹோலின் அந்தக் கோடியில் அசையாமல் நின்றார். பாட்டு முடிந்த பிறகுதான் நடந்து வந்தார்.

நான் கொழும்புக்காரரிடம் போய்ச் சிங்களத்தில் கெஞ்சினேன். ஒரே ஒரு பாட்டுக்கு உங்களுடையதைக் கொடுங்கள் என்றேன். அவர் புகையைப் பார்த்தார், எங்கள் கிட்டாரைப் பார்த்தார். உங்கள் சாமானில் என்ன கோளாறோ, என்னுடையதும் போய்விட்டால் நான் எப்படி வாசிப்பது என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

மெனேஜர் அவன் தோளில் கை வைத்தார்.

"பஸ்ஸே பலமு," என்றார். பிறகு பார்ப்போம். எங்கள் ஊரில் அந்தச் சொல்லை அரசாங்கக் கந்தோர்களில் கேட்டுத் திரும்பியவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும்.

பிறகு யாரும் பார்க்கவில்லை. கொழும்புக்காரரை எடுத்துக்கொண்டார்கள். அப்பா ஒரு வாரம் கழித்து, "என்னா செய்றது, அவன் தலையெழுத்து," என்றார். தங்கை அப்பாவிடம் போய், நான் கப்பலில் போகவும் தயார் என்று சொன்னாள். அவள் அப்பாவை எதிர்த்துப் பேசியது அந்த ஒரு தடவைதான். அப்பா அலமாரியைத் திறந்து அத்தையின் மூன்றாவது கடிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

ஜூனில் அவர்கள் போனார்கள். ஆட்களை ஏற்றிப்போகிற அந்தக் கோச்சிக்கு எங்கள் பக்கத்தில் அழுகைக் கோச்சி என்றே பெயர். அப்பா தங்கையை ஸ்டேஷனுக்கு விடவில்லை. நான் மட்டும் போய், அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் அவர்களோடு ஏறிக்கொண்டேன். கோச்சிப் பெட்டி முழுக்க மூட்டை முடிச்சு, அழுகை. அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். கிட்டார் மடியில். அம்ப்ளிபயரையும் ஸ்பீக்கர் பெட்டியையும் என்னிடமே விட்டுவிட்டான்.

"நீ மனசுல வச்சுக்காத மச்சான்," என்றான். "பழைய சாமான். அது அன்னிக்குப் போகணும்னு இருந்திருக்கு."

நான் ஆமாம் என்றேன். ஆமாம் என்று சொல்வது எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா. அதற்காக இன்றைக்கும் என்னை எனக்குப் பிடிக்கவில்லை.

தண்டவாளம் எங்கள் தோட்டத்தின் பிள்ளை மடுவத்துக்குக் கீழேதான் வளைந்து போகும். கோச்சி அங்கே வேகம் குறைக்கும். மடுவத்து வாசலில் அவள் நின்றாள். இடுப்பில் யாரோ ஒரு கொழுந்துக்காரியின் குழந்தை. கையை ஆட்டவில்லை. அவனும் ஆட்டவில்லை. குழந்தைதான் கோச்சியைப் பார்த்துக் கையை ஆட்டியது. பிறகு தேயிலை மறைத்துவிட்டது.

ஊட்டிப் பக்கத்திலிருந்து அவனுடைய கடிதம் இரண்டு வந்தது. மூன்றாவது வரவில்லை. அப்பாவைப் போலவே நானும் தபால்காரர் முதுகைப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

அந்த வருடக் கடைசியில் அம்ப்ளிபயரைக் கண்டியில் ஒரு வயதான ரேடியோ மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் மூடியைக் கழற்றி, கருகிய டிரான்ஸ்போமரை முகர்ந்து பார்த்துவிட்டு, எந்த ஒயரில் ஓடியது என்று கேட்டார். நான் செய்த ஒயரை எடுத்துக் கொடுத்தேன். முறுக்கைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"இது லவுட்ஸ்பீக்கர்காரன் கட்டு," என்றார். "குழாய்க்குக் கழுத்துல ஒரு டிரான்ஸ்போமர் இருக்கு, தாங்கும். இதுக்கு என்னா இருக்கு? எட்டையும் எட்டையும் பக்கத்துல பக்கத்துல கட்டினா கரண்டுக்குத் தடை பாதியாயி நாலுதான். பதினாறு கேக்கிற மெசினுக்கு நாலக் குடுத்தா, அது ரத்தம் கக்கி வேல செஞ்சுதான் சாகும்."

"பதினாறு வரணும்னா?"

"கோக்கணும். ஒண்ணோட வால மத்ததோட தலையில. அம்புட்டுத்தான். அதுவும் வேணாம்னா ஒரு பக்கம் மட்டும் போட்டிருக்கலாம், அதுவும் தாங்கியிருக்கும். யாரு கட்டினது இது?"

"யாரோ ஒருத்தன்," என்றேன்.

அவர் சரிசெய்து தந்தார். வீட்டுக்கு வந்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து, அவர் சொன்னபடி வாலைத் தலையில் கோர்த்து ஒரு புது ஒயர் செய்தேன். ஐந்து நிமிஷ வேலை. போட்டுவிட்டு, ஒரு ரேடியோவை அதில் கொடுத்து, முழுச் சத்தத்தில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன். மேலே கை வைத்தேன். இளஞ்சூடு. கையை எடுக்கத் தேவையே இல்லை. பிறகு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒயரை அறுத்துப் போட்டுவிட்டு, பெட்டியைச் சாக்கால் மூடினேன்.

நத்தாருக்கு நானும் தங்கையும் வழக்கம்போல யேசு பாலன் குடிலுக்கு விளக்கு மாலை கட்ட உட்கார்ந்தோம். டோர்ச் பல்புகள் நாற்பதை ஒன்றன் வால் மற்றதன் தலையில் என்று கோர்த்து, கடைசி இரண்டு முனையையும் கரண்டில் கொடுப்போம். பல்பு ஒவ்வொன்றுக்கும் ஆறு வோல்ட்தான். தனியாகக் கொடுத்தால் ஒரு நொடியில் வெடித்துவிடும். கோர்த்துவிட்டால் நாற்பதும் சேர்ந்து கரண்டைத் தாங்கும். பதினைந்து வயதிலிருந்து நான் வருடா வருடம் கட்டுகிற மாலை. அவளுக்குக் கட்டக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

அவள் ஒரு பல்பை விரலில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அண்ணே, அந்தப் பொட்டிய இது மாதிரிக் கோத்திருந்தா எரிஞ்சிருக்காதோ?"

வெளியே பனி கவிந்து, எதிர் மலையில் லயத்து விளக்கு ஒன்றிரண்டுதான் தெரிந்தது. முந்தைய வருடம் அங்கே நிறைய விளக்குகள் இருந்தன. நான் ஈயக் கம்பியைத் தேடுவதுபோலக் குனிந்தேன்.

"இல்ல," என்றேன். "அப்படியும் எரிஞ்சிருக்கும். பழைய சாமான்."

"அப்படியா," என்றாள். அவ்வளவுதான். அடுத்த பல்பை எடுத்தாள்.

நான்கு வருடம் கழித்து அவளுக்குக் கல்யாணமாயிற்று. நல்ல மனிதர். இரண்டு பிள்ளைகள், இப்போது பேரப்பிள்ளையும் இருக்கிறது. அந்தக் கேள்வியை அவள் மறுபடி கேட்கவே இல்லை. நானும் என் வாயால் சொல்லவில்லை. வயதான காலத்தில் நான் எழுதத் தொடங்கியதையெல்லாம் அவள் வாசிப்பாள், எழுத்துப்பிழை இருந்தால் கோடு போட்டுத் திருப்பி அனுப்புவாள். இதையும் வாசிப்பாள்.

எரிந்திருக்காது, தங்கச்சி.